பலாகரில் படகுக்கூடு வாங்கியது

ஹௌராவிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் கங்கைக் கரையை அறியாதவர் அல்லர். தட்சிணேசுவரம், பேலூர் மடம், காளிகட்டம் ஆகிய தலங்களுக்கு ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துச் சென்று காட்டாத தமிழ்க் குடும்பம் இங்கே இராது. பண்டேல் மாதா கோயில் வரை போய் வந்தவர்களும் பலர் உண்டு. ஆனால் பண்டேலிலிருந்து வடக்கே பிரிந்து செல்லும் காட்வா கிளைப்பாதையில் இறங்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அப்பாதையில் பலாகர் என்று ஒரு நிலையம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டும் ஊர் அது. சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூருக்குப் போய் வந்தோம்.

போனது உல்லாசத்துக்காக அன்று. ஒரு படகு வாங்குவதற்குத் துணையாக. நம் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தவர் ஒரு வங்காளி அன்பர். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நம்மைவிட மூத்தவராதலால் ‘தாதா’ என்றே அழைப்போம். அவருடைய தம்பி திரிவேணிக்குக் கீழே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் படகு வைத்துப் பிழைக்கிறார். மழைக்காலத்தில் மீன் பிடிப்பது, மற்ற மாதங்களில் ஆற்றின் நடுவிலுள்ள மணல்திட்டு நிலங்களில் விளையும் காய்கறியையும் வாழைக்குலையையும் கரை சேர்ப்பது, இவைதாம் அவர் தொழில். அவருடைய படகின் அடிப்பலகைகள் மக்கிவிட்டன. எஞ்சினோ நன்றாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் வாங்கிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் அது. எஞ்சினை வைத்துக்கொண்டு படகின் கூட்டை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். பணம் தாதாவின் பணிக்கொடையிலிருந்து வரவேண்டும். அதே பணத்தில்தான் அவர் தம் வீட்டுக்குக் கூரையும் போட வேண்டும். ஆகவே தவறான கூட்டை வாங்கிவிட்டு மறுமுறை வாங்குவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று நம்மையும் அழைத்தார். குமாஸ்தா வேலைக்கு அப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

ஹௌராவிலிருந்து காட்வா லோக்கலில் ஏறினால் வண்டி மாறாமலே பலாகருக்குப் போகலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பண்டேல் வரையிலான வழி இந்திய ரயில்வே சரித்திரத்தில் மிகப் பழைய வழிகளுள் ஒன்று. 1854 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஹௌராவுக்கும் ஹூக்ளிக்கும் இடையே முதல் வண்டி ஓடிற்று. நம் இராயபுரத்திலிருந்து வண்டி புறப்பட்டது 1856-ல்தான். வழியிலுள்ள சந்தன்நகர் 1950 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்து புதுச்சேரிக் கவர்னருக்குக் கீழ்ப்பட்டிருந்த ஊர். சீராம்பூர் டேனியர் ஊர், சின்சுரா டச்சுக்காரர் ஊர், பண்டேல் போர்த்துக்கீசியர் ஊர். ஆற்றின் ஒரே கரையில், ஒரு லோக்கல் வண்டியின் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள், இத்தனை தேசத்தார் கடை விரித்திருந்தார்கள். எல்லாரும் படகில் வந்தவர்கள்.

பண்டேலுக்கு அப்பால் வண்டியில் நெரிசல் குறைந்து வயல்கள் தெரியத் தொடங்கும். பான்ஸ்பேரியாவில் 1679-ல் கட்டிய அனந்த வாசுதேவர் கோயிலும், 1814-ல் முடிந்த ஹம்சேசுவரி கோயிலும் அருகருகே உள்ளன. முதற்கோயிலின் சுவரெங்கும் சுட்ட மண் சிற்பங்கள். அவற்றுள் படகுகளும் உண்டு. அடுத்துத் திரிவேணி. பிரயாகையில் கூடிய மூன்று நதிகள் இங்கே பிரிகின்றன என்பது ஐதிகம். பிரிந்த சரசுவதி மண்மூடித் தூர்ந்து போயிற்று. அதன் கரையில் செழித்திருந்த சப்தகிராமம் என்னும் பெருந்துறைமுகமும் பதினாறாம் நூற்றாண்டில் அதனோடு அழிந்தது. குந்திகாட், டுமுர்தஹ, காமார்காச்சி, ஜிராட் என்னும் நிலையங்களைத் தாண்டினால் பலாகர்.

வண்டியிலேயே அண்ணன் தம்பிக்குள் விவாதம் மூண்டுவிட்டது. தாதாவுக்குக் கண்ணாடியிழைப் படகின்மேல், அதாவது எல்லாரும் ஃபைபர் என்று சொல்லும் படகின்மேல், நாட்டம். “தார் பூச வேண்டாம், பஞ்சு அடைக்க வேண்டாம், கரையான் தின்னாது” என்பது அவர் கட்சி. தம்பிக்கு மரந்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால் அவரால் விளக்கிச் சொல்ல இயலவில்லை. “தாதா, ஆற்றில் உட்காருபவன் நான்” என்று மட்டும் சொன்னார். பணம் கொடுப்பவர் ஒருவர், உயிரை வைப்பவர் மற்றொருவர் என்றாகும்போது வழக்கு எளிதில் தீர்வதில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை இடையிட்டுச் சொல்ல வேண்டும். நம் தமக்கையின் மகன் கோவாவில் நீர் விளையாட்டு நிலையமொன்றில் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கிறான். அவனிடமும் இதே வழக்கு வேறு உருவத்தில் வந்திருந்தது. நின்றுகொண்டே ஓட்டும் நீர்வண்டி ஒன்று உண்டு. 1973-ல் கவசாகி கம்பெனியார் ‘ஜெட் ஸ்கீ’ என்ற பெயரால் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1990-ல் யமஹா கம்பெனியாரின் ‘சூப்பர் ஜெட்’ வந்தது. அதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. எஞ்சின் நீரை உறிஞ்சிப் பின்புறம் பீய்ச்சும். அந்த வேகத்தில் வண்டி நீரின்மேல் எழும்பிச் சறுக்கும். வண்டியின் கூடு வெடித்துப் போனால், அமெரிக்கா முதலிய தேசங்களில் வேறு பட்டறைகள் செய்யும் வெறுங்கூட்டை வாங்கிப் பழைய எஞ்சினையும் பம்பையும் அதில் மாற்றிப் பொருத்திக்கொள்கிறார்களாம். பந்தயத்துக்கென்றால் நேராகக் கோடு பிடித்து ஓடும் நீண்ட கூடு. அலையில் துள்ளிக் குட்டிக்கரணம் போடுவதற்கென்றால் குட்டையாய், எடை குறைந்ததாய், வயிறு வளைந்த கூடு. குட்டைக் கூட்டை வாங்கியவன் நேர் ஓட்டத்தில் அது தலையாட்டுகிறதென்று குறை சொல்லக் கூடாது. “மாமா, கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய எஞ்சினின் போல்ட்டுத் துளை அதில் சரியாக உட்காருமா, தண்டு நேர்க்கோட்டில் பம்புக்குள் போகுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்” என்று அவன் எழுதியிருந்தான். தண்டு இம்மியளவு சாய்ந்தாலும் தாங்கு உருளைகள் தேய்ந்து எஞ்சின் அதிருமாம். இக்கடிதத்தை வண்டியில் தாதாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். பிட்டர் வேலை பார்த்தவரல்லவா! இந்த ஒன்றை மட்டும் அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

பலாகர் நிலையத்தில் இறங்கி, டோட்டோ என்று இங்கே வழங்கும் மின்சார மூன்று சக்கர வண்டியில் ஸ்ரீபூர் பக்கம் போக வேண்டும். கப்பல் கட்டும் துறையைப் போல எதையோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். வீடுகளுக்கு நடுவே, மாமரத்தடியில், மூங்கில் நட்டு மேலே தார்ப்பாய் கட்டிய கொட்டகைகள்தாம் பட்டறைகள். ஆறு கண்ணுக்கே தெரிவதில்லை. ஒரு வீட்டு வாசலில் கோலம் போடும் இடமிருக்குமே, அவ்வளவு இடத்தில் முப்பதடிப் படகு ஒன்று பாதி முடிந்து நிற்கிறது. அதன் நிழலில் ஒரு பாட்டி பருப்பு வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார். வாய்ச்சி செதுக்கும் ஓசையும் இரும்பு தட்டும் ஓசையும் தெருவெங்கும் கேட்கின்றன. ராஜ்வம்சி என்னும் வகுப்பினரே பெரும்பாலும் இத்தொழிலில் இருப்பவர்கள். வரைபடம் என்று எதுவும் கிடையாது. நீளத்தை முழத்தால் சொல்ல வேண்டும். மற்ற அளவுகள் யாவும் மிஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருக்கின்றன.

கட்டும் முறை நாம் எண்ணியிருந்ததற்கு நேர்மாறானது. முதலில் விலா எலும்புகளை நிறுத்திப் பின்னர் அவற்றின்மேல் பலகை அடிப்பதாகத்தான் நினைத்திருந்தோம். இங்கே அடிப்பலகையை வைத்து, அதன் விளிம்போடு அடுத்த பலகையின் விளிம்பைச் சேர்த்து, ஓட்டை முதலில் வளர்க்கிறார்கள். ‘வங்கு’ என்று நம் கடற்கரைத் தச்சர் சொல்லும் விலாக்கட்டைகள் பின்னரே உள்ளே செல்கின்றன. பலகை விளிம்புகளை இணைப்பது தட்டையான இரும்பாணி. ‘ஜலுயி’ என்று அதற்குப் பெயர். இரு பலகைக்கும் குறுக்கே அதை அறைந்து கவ்வ வைக்கிறார்கள். தையல் போட்டது போல வரிசையாக அவை தெரியும். ஆதலால் வெளிப்புறம் மேடு பள்ளமின்றி வழவழப்பாக இருக்கும். முன்னும் பின்னும் கூர்ந்து மேலெழும் முனைக்குக் ‘கொலுயி’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான சால்வின்ஸ் என்னும் பெல்ஜிய ஓவியரின் சித்திரங்களில் உள்ள வங்கப் படகுகளையும் இந்தப் படகுகளையும் பக்கத்தில் வைத்தால் உறவு தெளிவாகத் தெரியும். நம் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1924-ல் கங்கைப் படகுகளைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். கட்டுமரத்தை ஆராய்ந்த கண்ணால் இவற்றையும் பார்த்தவர் அவர்.

மரங்களின் பெயரைக் கேட்டபோது நமக்கு ஊர் நினைவு வந்தது. பாப்லா என்பது நம் கருவேலம். ஷிரீஷ் என்பது வாகை. அர்ஜுன் என்பது மருது. சால் மட்டும் நம் பக்கத்துக்கு அந்நியம். வளைந்த கருவேலங் கிளைகளை அவற்றின் இயல்பான வளைவு கெடாமல் அறுத்து விலாக்கட்டை ஆக்குகிறார்கள். நம் ஊரில் ஏருக்குக் கிளை தேடுவதைப் போலவே மிஸ்திரிகள் மரத்தை நின்று பார்த்து வளைவு தேடுவார்களாம். காப் என்னும் காயின் சாற்றைப் பலகைக்குப் பூசுவது பழைய வழக்கம். அது பனிச்சங்காய்! நம் கரையிலும் வலைக்குத் தோய்க்கும் காய் அது. இப்போது ஆல்கத்ரா என்னும் தாரே பெரிதும் வழங்குகிறது.

தம்பிக்குப் பழக்கமான மிஸ்திரி ஒருவர் இருந்தார். அறுபது வயதிருக்கும். எங்களை ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துவிட்டு, விலையைப் பற்றிப் பேசாமல் கேள்விகளைத் தொடங்கினார். படகு எந்தத் துறையில் கட்டிக் கிடக்கும்? அங்கே சேறா, மணலா, கல் அடுக்கிய கரையா? எத்தனை பேர் ஏறுவர்? வாழைக்குலை ஏற்றினால் நீர் எந்தப் பலகை வரை வரும்? எஞ்சின் எங்கே உட்காருகிறது? வலையை எந்தப் பக்கத்திலிருந்து விடுவாய்? பான் வரும்போது எங்கே இருப்பாய்?

இந்தக் கடைசிக் கேள்வியை நம்மவருக்கு விளக்க வேண்டும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெருவெள்ள நாட்களில், கடலிலிருந்து ஏறிவரும் நீர் ஹூக்ளி ஆற்றின் குறுகிய வாயில் நெருக்குண்டு சுவர்போல் எழுந்து மேல்நோக்கிப் பாயும். அதைத்தான் ‘பான்’ என்கிறார்கள். மழைக்காலத்தில் இதன் வேகம் மிகுதி. பான் வருகிறதென்ற கூச்சல் கேட்டதும் கரையிலுள்ள படகுகளை அவிழ்த்து நடு ஆற்றுக்குக் கொண்டு போய்விடுவார்கள். கரையோரத்தில்தான் அலை உடைந்து படகைப் புரட்டும். நடுவில் தூக்கி இறக்குவதோடு போய்விடும். அந்த ஒரு கணத்தில் அலையை முகத்தில் வாங்கும் கொலுயி உயர்ந்திருக்க வேண்டும். கூடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். தம்பியின் பழைய படகில் சென்ற ஆண்டு அப்படித் தூக்கி இறக்கியபோதுதான் மக்கிய அடிப்பலகை பிளந்ததாம். அவரும் ஒரு கூலியாளும் வாளியால் நீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். இச்செய்தியைத் தாதா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவரே ஃபைபரைப் பற்றிக் கேட்டார். முந்தின வாரம் ஒரு வியாபாரியிடம் அத்தகைய கூட்டைப் பார்த்து விலையும் கேட்டு வந்திருந்தார். மிஸ்திரி அதைப் பழிப்பார் என்று எதிர்பார்த்தோம். பழிக்கவில்லை. “ஆறு மாதம் வெயிலில் சும்மா கிடக்கும் படகென்றால் அதையே வாங்குங்கள், பாபு. மரம் காய்ந்து வாய் பிளக்கும், அது பிளக்காது” என்றார். உண்மையும் அதுவே. நம் சோழமண்டலக் கரையிலேயே கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று ஃபைபர் படகுதான் இருக்கிறது; 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்து குவிந்தவையும் பெரும்பாலும் அவையே. கண்ணாடியிழைப் பாயை ஓர் அச்சில் விரித்து, ரெசின் என்னும் பசையை ஊற்றி உறையவைத்து எடுப்பது அது. மக்காது, பலகை இடுக்கு என்பதே இல்லாததால் அடைக்கவும் வேண்டாம்.

ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் அதற்கும் உண்டு. முதலாவது, நீர் நிறைந்தால் என்ன ஆகும்? மரம் தானாகவே மிதக்கும் பொருள். மூழ்கிய மரப்படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆள் தொங்கலாம். அதிலும் கனத்த எஞ்சின் இருந்தால் நிச்சயம் சொல்ல முடியாது. எனினும் ஒரு வாய்ப்பு உண்டு. கண்ணாடியிழை நீரைவிடக் கனமானது. காற்றுப் பெட்டியோ நுரைக்கட்டியோ உள்ளே வைத்து மூடியிருந்தாலன்றி அது கல்லைப் போல் அடியில் போய்விடும். இரும்புத் தகட்டுக்கும் இதே கதி. அந்த வியாபாரியிடம் இதைக் கேட்டீர்களா என்று தாதாவை வினவினோம். கேட்கவில்லையாம்.

இரண்டாவது, அச்சில் வார்த்த உருவத்தை நம் எஞ்சினுக்காக மாற்ற முடியாது. பழைய துடுப்புப் படகுக்குப் பின்முனையும் முன்முனையைப் போலவே கூர்ந்து நீருக்கு மேலே நிற்கும். துடுப்புக்கு அது தக்கது. எஞ்சினின் கனமும் சுழல்விசிறியின் உந்துதலும் சேர்ந்தால் அந்த மெலிந்த பின்புறம் கீழே அமிழ்ந்து, முன்முனை வானத்தைப் பார்க்கும். டீசல்தான் வீண். ஆதலால் எஞ்சின் படகுக்குப் பின்பக்க அடிவயிறு சற்று அகன்று பருத்திருக்க வேண்டும். வியாபாரியிடம் இருந்த கூடு, பின்னால் தொங்கவிடும் எஞ்சினுக்காக வெட்டுப்பின்புறத்தோடு வார்த்தது. தம்பியின் எஞ்சினோ உள்ளே உட்கார்ந்து, நீண்ட தண்டால் விசிறியைச் சுழற்றுவது. அதை அந்தக் கூட்டில் வைக்க அடியைத் துளைத்து, புதுப்பீடம் கட்டி, தண்டின் சாய்வை மாற்ற வேண்டும். கோவாக் கடிதத்தைத் தாதா மறுபடி நினைவுகூர்ந்தார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஃபைபர் எடை குறைந்ததாதலால் பறக்கும் என்று தாதாவுக்கு யாரோ சொல்லியிருந்தனர். நீரின்மேல் எழும்பிச் சறுக்கும் நின்று ஓட்டும் வண்டிக்கு எடைதான் எல்லாம். நீரைப் பிளந்துகொண்டே செல்லும் சரக்குப் படகின் கதை வேறு. நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடியோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவதே அது எளிதாகச் செல்லக்கூடிய வேகம், நாட் கணக்கில். 25 அடிக்கு வர்க்கமூலம் 5, பெருக்கினால் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குமேல் எஞ்சினைத் திருகினால் படகு தான் எழுப்பிய அலையின் பின்னாலேயே ஏற முயன்று எண்ணெயைக் குடிக்கும். இருமடங்கு வேகம் வேண்டுமானால் நான்கு மடங்கு நீளம் வேண்டும். இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் மிஸ்திரியின் பேரன், பள்ளி மாணவன், ஆவலோடு எட்டிப் பார்த்தான். மிஸ்திரி தாளைப் பார்க்கவில்லை. “நீளம்தான் ஓடும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

பணக்கணக்கையும் போட்டோம். அதற்காகத்தானே நம்மை அழைத்தது! வியாபாரி கேட்ட விலை மிஸ்திரி சொன்ன விலையைவிட அதிகம். ஆனால் மரப்படகுக்கு ஆண்டுதோறும் தார், பஞ்சு, கூலி, கரையேற்றிக் கிடக்கும் நாட்களின் நஷ்டம் என்று எழுதிக்கொண்டே போனால் பத்தாண்டில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வந்து நின்றன. பணம் வழக்கைத் தீர்க்கவில்லை. தீர்த்தது வேறொன்று. “ஆணி பிடுங்கிக்கொண்டால் நானே அடித்துவிடுவேன், தாதா. அது வெடித்தால் நான் யாரைத் தேடுவேன்?” என்றார் தம்பி. ஃபைபர் வெடிப்பை அடைக்க, ஈரம் துளியுமின்றிக் காயவைத்து, சுரண்டி, ரெசினையும் உறைமருந்தையும் அளவு பார்த்துக் கலக்க வேண்டும். மழைக்காலத்தில், மீன் ஏறிவரும் வாரத்தில், அவர் துறையில் அதைச் செய்வார் யாருமில்லை. வண்டியில் சொல்ல வராத காரணம் இங்கே தானாக வந்தது. தாதா தலையசைத்தார்.

மரம் என்று முடிவானபின் பார்க்க வேண்டியவற்றை மிஸ்திரியே காட்டினார். நல்ல மிஸ்திரி தம் சரக்கின் குறையைத் தாமே காட்டுவார் என்பதை அங்கே கண்டோம். பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் அது வைரம் பாயாத பகுதி; முதலில் மக்குவதும் புழு துளைப்பதும் அதுவே. நம் ஊரில் கதவு வாங்கும்போது பார்ப்போமே, அதே பார்வைதான். அடுத்தடுத்த வரிசைகளில் பலகை மூட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் அமையக் கூடாது; செங்கல் சுவரைப் போல் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். ஒரு கொலுயியிலிருந்து மறு கொலுயிக்குக் கயிறு பிடித்து, இருபுறமும் முழக்கோலால் அளந்து, கூடு ஒருபக்கம் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் உட்காரும் இடத்தில் விலாக்கட்டைகளை நெருக்கிப் போடச் சொல்ல வேண்டும். துடுப்புக்காகப் பிறந்த இந்தக் கட்டுமானத்துக்கு டீசல் எஞ்சினின் ஓயாத அதிர்வு புதிது. அது ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். 20 முழத்தில், அதாவது 30 அடியில், பின்வயிற்றை ஒரு கையளவு அகலமாக்கி, எஞ்சினுக்கடியில் சால் கட்டையை இருபுறமும் நீளவாட்டில் ஓட்டி அதிர்வைப் பல விலாக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம். ரசீது எழுதியது நாம்.

ஊரைச் சுற்றி வந்தோம். கொட்டகைகளில் பல காலியாக இருந்தன. 1978-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் 2000-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் இரவு பகலாக வாய்ச்சி ஓய்ந்ததில்லை என்று மிஸ்திரி சொன்னார். வெள்ளம் பிறருக்குத் துன்பம், படகுத் தச்சனுக்குப் பிழைப்பு. அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்தது. இப்போது பாலங்கள் வந்துவிட்டன. பான்ஸ்பேரியாவுக்கும் கல்யாணிக்கும் இடையே 1989-ல் ஈசுவர குப்தர் பாலம் திறந்தது. லாரி போகும் இடத்தில் சரக்குப் படகு எதற்கு? 1975-ல் ஃபராக்கா அணை வந்தபின் இலிஷ் மீன் மேலே போவதும் தடைப்பட்டது. மரமும் விலையேறிவிட்டது. ஆற்றுக்கும் பொறுமையில்லை, ஜிராட், குப்திபாடா, பலாகர்க் கரைகளை ஆண்டுதோறும் அரித்து, எதிரே மணல்திட்டாகக் கொட்டுகிறது. மிஸ்திரியின் இரு மகன்களும் வெளி மாநிலங்களில் வேலைக்குப் போய்விட்டனர். ஒருவன் இருப்பது நம் திருப்பூரில், பனியன் கம்பெனியில்! நாம் பிழைப்புக்கு இங்கே வந்திருக்கிறோம், அவன் அங்கே போயிருக்கிறான். அவனுக்கு இட்லி பிடிக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். தேங்காய்ச் சட்டினியோடு சாப்பிடச் சொல்லுங்கள் என்றோம்.

அன்பர்கள் போவதாயிருந்தால் குளிர்காலத்தில் போவது நலம். அடுத்த நிலையமான சோம்ரா பஜாரில் இறங்கிச் சபுஜ் தீவுக்குப் படகில் போகலாம். சுகாடியாவில் ஆனந்த பைரவி கோயிலைப் பார்க்கலாம். குப்திபாடாவின் ரத யாத்திரையும், அவ்வூர்ச் சந்தேஷும் வங்கத்தில் பெயர் பெற்றவை. உணவு கையில் கொண்டுபோவது உத்தமம்.

கூடு பங்குனிக் கடைசியில் முடிந்தது. நீரில் இறக்கும்போது கொலுயிக்குக் குங்குமம் இட்டுக் கங்கைக்குப் பூசை செய்தார்கள். தம்பியும் இன்னொருவரும் இறங்கு நீரில் துடுப்புப் போட்டே அதைத் தங்கள் துறைக்குக் கொண்டு வந்தனர். முதல் நாள் இடுக்குகளில் நீர் கசிந்தது; பலகை ஊறிப் பருத்ததும் நான்காம் நாள் தானே நின்றுவிட்டது. எஞ்சினை ஏற்றுவதற்குத் தாதா தம் பழைய கருவிப் பையோடு போய் மூன்று நாள் தங்கினார். பீடத்துக்கடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகித் தண்டை நேராக்கினாராம். பட்டறையில்கூட இவ்வளவு நுட்பமாக வேலை செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டார். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டோம். “உன் வர்க்கமூலம் சொன்னபடிதான்” என்றார், சிறிது ஏமாற்றத்தோடு.

ஆடியில் பான் மூன்று முறை வந்து போயிற்று. கூடு அசையவில்லை. அம்மாதக் கடைசியில் தம்பி இரண்டு இலிஷ் மீன்களை வாழையிலையில் சுற்றி அனுப்பியிருந்தார். வீட்டில் கடுகரைத்து வைக்கத் தெரியாமல் புளி ஊற்றிக் குழம்பாக்கிவிட்டார்கள். தாதாவால் அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.